துரை கெண்டி

சாந்தா அதை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு வந்து டீப்பாய்மேல் வைத்தபோது, மங்கையர்க்கரசி சோபாவின் விளிம்பில் கைப்பையை மடியில் இடுக்கியபடி உட்கார்ந்து, புது வீட்டின் பெயிண்ட் வாடை தலைவலியில் கொண்டுபோய் விடுமோ என்று யோசித்துக்கொண்டிருந்தாள். வெள்ளைப் பீங்கான், அதன்மேல் நீலத்தில் மரமும் மண்டபமும். முதலில் கண்ணில் பட்டது அதன் மூக்கு. யானைக்குட்டி துதிக்கையைத் தூக்கின மாதிரி மேலே போய் நுனியில் லேசாக வளைகிற மூக்கு. "டீ அஞ்சு நிமிஷம் ஊறட்டும் அண்ணி, அப்பத்தான் நிறம் இறங்கும். பஜ்ஜிக்கு மாவு கரைச்சு வச்சிருக்கேன், நாலு போட்டு எடுத்துட்டு வந்துடறேன்" என்று சொல்லிவிட்டு நாத்தனார் சமையலறைக்குள் போய்விட்டாள். கணவர் அம்பலவாணன் பால்கனிக் கதவருகே நின்று, "இங்கேருந்தே காவிரி தெரியுது பாரு மங்கை, தண்ணிதான் இல்ல" என்றார். அவள் உம் என்றாள். தான் உம் என்றது அவள் காதில் விழவில்லை. அதே கெண்டியாக இருக்காது, என்று நினைத்தாள். இங்கிலாந்தில் ஒருத்தன் பட்டறை வைத்தால் ஒரே ஒரு கெண்டியா செய்திருப்பான், ஆயிரம் செய்திருப்பான், பத்தாயிரம் செய்திருப்பான், கப்பல் கப்பலாக அனுப்பியிருப்பான், அதில் ஒன்று இந்த சாந்தா இத்தனை வருஷம் குடித்தனம் பண்ணின பிலாஸ்பூரில் பழைய சாமான் கடையில் கிடந்திருக்கும், ரயில்வேக்காரன் பெண்டாட்டிக்கு இந்த மாதிரிச் சாமான் கிடைப்பதற்கு என்ன, வாங்கியிருப்பாள். பிறந்த வீட்டு ஞாபகத்தில் வாங்கியிருப்பாள். அப்படித்தான் இருக்கும். இரண்டு மாதம் முன்பு ஊரோடு வந்து ஸ்ரீரங்கத்தில் இந்த ஃபிளாட்டை வாங்கிக் குடியேறி, பெட்டி பெட்டியாகப் பிரித்து அடுக்கியிருக்கிறாள், அதில் இதுவும் ஒன்று. அப்படித்தான். ஆனால் கண் அந்த மூக்கை விட்டு நகரவில்லை.

பொன்மலை ரயில்வே பட்டறையில் மாமனார் குமாஸ்தாவாக இருந்தபோது, சுதந்திரம் வந்து ஊருக்குக் கப்பலேறின ஒரு வெள்ளைக்கார அதிகாரி கொடுத்துவிட்டுப் போனது அது. மாமியார் அதைத் துரை கெண்டி என்றுதான் சொல்வாள். கூடத்துக் கண்ணாடி அலமாரியில், நடுத்தட்டில், வெள்ளிக் குங்குமச் சிமிழுக்கும் நவராத்திரிச் செட்டியார் பொம்மைக்கும் நடுவே, சாமி மாதிரி இருக்கும். ஒரு நாளும் அதில் யாரும் டீ போட்டதில்லை. அந்த வீட்டில் காபிதான். கல்யாணமாகி வந்த புதிதில் மாமியார் வெள்ளிக்கிழமைதோறும் அலமாரியைத் திறந்து, பழைய மல்துணியை நீட்டி, "துடை, மெல்ல, மெல்ல, வளையல் இடிக்காம" என்பாள். மங்கைக்கு அந்த வேலை பிடிக்கும். ஊர் புதிது, வீடு புதிது, பக்கத்தில் படுக்கிற ஆள் புதிது, ஆனால் அந்தக் கெண்டியில் ஒரு ஊர் இருந்தது. வில்லாக வளைந்த பாலம், பாலத்தின்மேல் மூன்று பேர், தலைவிரித்த மரம், மேலே எதிரெதிராக இரண்டு பறவை. மூன்று பேரில் நடுவில் போகிறவனுக்குத் தலையில்லை. சுடும்போது நீலம் கலங்கி அவன் கழுத்துக்கு மேலே ஒரு பொட்டாகத் திரண்டுவிட்டது. அவன் யார், முன்னே போகிறவனைத் துரத்துகிறானா, பின்னே வருகிறவனிடமிருந்து ஓடுகிறானா என்று துணியும் கையுமாக நின்று யோசிப்பாள். மாமியார் பார்த்திருக்கிறாள். "கண்ணு அதுமேலயே இருக்கு பாரு" என்று யாரிடமோ சிரித்துக்கொண்டே சொன்னாள். அப்போது அது வெறும் சிரிப்பு. ஒரு சிரிப்பு எப்போது சாட்சியாக மாறும் என்று யாருக்குத் தெரியும். இப்போது டீப்பாய்மேல் அவள் பக்கம் தெரிவது மண்டபமும் வேலியும்தான். பாலமும் தலையில்லாதவனும் அடுத்த பக்கத்தில்தான். அந்தப் பக்கம் சுவரைப் பார்த்திருந்தது. திருப்பிப் பார்த்தால் தெரிந்துவிடும். கையை நீட்டினால் போதும். கை மடியிலேயே கிடந்தது. திருப்பாமல் இருந்தாலும் தெரிந்துவிடும், சாந்தா ஊற்றும்போது அது தானாகத் திரும்பும். அதற்குள் ஐந்து நிமிஷம் இருக்கிறது. எண்ணெயில் வாழைக்காய் விழுகிற சத்தம். இந்த ஐந்து நிமிஷம் மட்டும் இது வேறு யாருடைய கெண்டியாகவோ இருந்துவிட்டுப் போகட்டும், என்று நினைத்தாள். அப்படி நினைத்த அதே நேரத்தில் கைப்பிடியைப் பிடித்து அதைத் திருப்பினாள்.

நடுவில் போகிறவனுக்குத் தலை இல்லை. நீலப் பொட்டு இருந்தது. அந்த இடத்தைப் பெருவிரலால் தொட்டாள், சுட்டது, விரலை எடுக்கவில்லை. பஜ்ஜித் தட்டோடு வந்த சாந்தா அதைப் பார்த்துவிட்டுச் சிரித்தாள். "கண்டுபிடிச்சிட்டீங்களா அண்ணி? நம்ம வீட்டு துரை கெண்டிதான். தலைப்பிரசவத்துக்கு வந்தப்பவே கேட்டேன், அம்மா தரமாட்டேன்னுட்டாங்க. மறு தீபாவளிக்கு வந்துட்டுத் திரும்பறப்ப, அண்ணன்தான் அம்மாவுக்குத் தெரியாம ஸ்டேஷனுக்கு எடுத்துட்டு வந்து, ரயில் நகரும்போது ஜன்னல் வழியா என் மடியில வச்சுது. தலகாணி உறையில சுத்தி. நான் அழுதே அழுதுட்டேன். இல்லண்ணே?" அம்பலவாணன் பால்கனியிலிருந்து உள்ளே வந்தார். முகம் மலர்ந்திருந்தது. "ஆமா. அழுத அழுகையில டிடிஆர் என்னவோ ஏதோன்னு வந்து நின்னுட்டான்." தங்கையும் அண்ணனும் சிரித்தார்கள். மங்கையும் சிரித்தாள் என்றுதான் அவர்கள் நினைத்திருப்பார்கள், வாய் ஏதோ ஒரு வடிவத்துக்குப் போனது அவளுக்கே தெரிந்தது. தீபாவளி. அந்தத் தீபாவளிக்கு அவளுக்கு ஏழாம் மாதம். சாந்தா ஊருக்குப் போன மறுவாரம் வளைகாப்பு போட்டு அப்பா அவளைக் குளித்தலைக்கு அழைத்துப்போனார். ஒரு டிரங்குப் பெட்டி, ஒரு பிளாஸ்டிக் கூடை. பிறகு, தீபாவளியிலிருந்து திரை போட்டு மூடியே கிடந்த அலமாரியைப் பொங்கலுக்கு வெள்ளையடிக்க ஒழித்தபோது மாமியார் நடுத்தட்டைப் பார்த்திருக்கிறாள், சிமிழ் இருந்தது, செட்டியார் இருந்தார், நடுவில் வட்டமாகத் தூசியில்லாத ஒரு இடம் இருந்தது. சாந்தா கப்பில் ஊற்றினாள். ஆவி மங்கையின் கண்ணாடியில் படிந்தது. நல்லதாகப் போயிற்று, கொஞ்ச நேரம் எதுவும் தெரியவேண்டாம்.

குழந்தையைப் பார்க்க மாமியார் வந்த நாள். குளித்தலை வீட்டில் மருந்து வாசனை எப்போதும் இருக்கும், அப்பா தாயுமானவர் அரசாங்க ஆஸ்பத்திரியில் கம்பவுண்டர், சட்டையிலிருந்தும் கைவிரலிலிருந்தும் அந்த வாசனை போகாது. மாமியார் குழந்தைக்குச் சர்க்கரைத் தண்ணீர் தொட்டு வைத்தாள், காப்பு போட்டாள், பலகாரம் சாப்பிட்டாள், அக்கம்பக்கத்துப் பெண்கள் எல்லாரும் இருக்கும்போது, குரலை உயர்த்தாமல், "சம்பந்தி, ஒரு சின்ன விஷயம். எங்க வீட்டு துரை கெண்டியைக் காணோம். மங்கை பிரியப்பட்டு எடுத்துட்டு வந்திருந்தா தப்பில்ல, பொண்ணுங்கன்னா பொறந்த வீட்டுக்கு ஒண்ணு ரெண்டு கொண்டாறது உண்டுதான். சொல்லிட்டு எடுத்திருக்கலாம்" என்றாள். மங்கை கட்டிலில் ஈரத்தலையோடு கிடந்தாள். அப்பா எழுந்தார். உள்ளே போய் டிரங்குப் பெட்டியைத் தானே தூக்கிவந்து கூடத்தில் வைத்துத் திறந்தார். "பாருங்கம்மா" என்றார். பிறகு அம்மாவின் பீரோ. பிறகு பித்தளை அண்டா. பிறகு பரண்மேல் ஏறினார், அந்த வயதில், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, ஒவ்வொரு பானையாக இறக்கிக் கவிழ்த்துக் காட்டினார். வேண்டாம் சம்பந்தி, வேண்டாம் சம்பந்தி என்று மாமியார் சொன்னாள், சொல்லிக்கொண்டே பார்த்தாள். அம்மாவின் கல்யாணப் பட்டு பாச்சா உருண்டைகளோடு தரையில் கிடந்தது. அண்ணன் திருநாவுக்கரசு வாசற்படியில் நின்றிருந்தான், நிலைச்சட்டத்தைப் பிடித்த அவன் கை நரம்பு தெரிந்தது. அம்பலவாணன் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். மடியில் குழந்தை. குனிந்து குழந்தையின் நகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்பா கடைசிப் பானையைக் கவிழ்த்தபோதுதான் நிமிர்ந்து, "விடும்மா. போனா போவுது" என்றார்.

போனா போவுது. அந்த ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டு அவள் முப்பது வருஷத்துக்கு மேல் குடித்தனம் பண்ணியிருக்கிறாள். மாமியார் வாயால் குத்தின நாட்களில், அடுக்களைச் சாவியை இவளிடம் தராமல் முந்தியில் முடிந்துகொண்ட நாட்களில், ஒவ்வொரு தடவை பிறந்த வீட்டுக்குப் போகும்போதும் பெட்டியை மூடுமுன் "மூடிக்கட்டுமா அத்தை" என்று கேட்டு நின்ற நாட்களில், அவள் அதை எடுத்துப் பார்த்துக்கொள்வாள், ஊரே பார்த்திருக்க எனக்காகத் தாயாரிடம் வாயைத் திறந்தார், போனா போவுது என்றார், அப்படி எத்தனை ஆண்பிள்ளை சொல்வான். தோழிகளிடம் சொல்லியிருக்கிறாள். மகளிடம் சொல்லியிருக்கிறாள், உங்கப்பா பேசமாட்டார், ஆனா பேசவேண்டிய இடத்துல பேசினவர். அது எங்கே போனது என்று தெரிந்தவன் சொன்ன போனா போவுது. ரயிலில் போனது, தலையணை உறைக்குள் போனது, கையை அசைத்து வழியனுப்பிவிட்டு வந்து நாற்காலியில் உட்கார்ந்து சொன்ன போனா போவுது. அவளுக்கு அந்த நகம் ஞாபகம் வந்தது, பிறந்த குழந்தையின் நகம், காகிதம் மாதிரி. எத்தனை நேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். எந்தப் பானையிலும் இருக்காது என்று தெரிந்துகொண்டே ஒருவன் ஒவ்வொரு பானை கவிழ்வதையும் எப்படிக் கேட்டுக்கொண்டிருப்பான். இல்லை, கேட்கவில்லையோ. இல்லை, கேட்டுக்கொண்டுதான் இருந்தார், அதனால்தான் நிமிரவில்லை. இல்லை. யோசனை அங்கேயே வந்து இடித்துக்கொண்டு நின்றது, முன்னால் போகவும் இல்லை, பின்னால் வரவும் இல்லை. அதற்கப்புறம் அப்பா அவளுடைய புகுந்த வீட்டு வாசலுக்கு வரவேயில்லை. பேத்தி காது குத்துக்குக் கோயில் மண்டபத்துக்கு வந்தார், சீர்த்தட்டை வைத்தார், சாப்பிடாமல் போனார். அவர் காலமானபோது அண்ணன் கொள்ளி வைத்துவிட்டு வந்து, "உன் புருஷன் வீட்டுப் படியை நான் மிதிக்க மாட்டேன் மங்கை, நீ வா, எப்ப வேணா வா, ஆனா என்னைக் கூப்பிடாத" என்றான். அவளும் கொஞ்சம் கொஞ்சமாகப் போவதைக் குறைத்தாள். போனாலும் கைப்பையைத் திண்டில் எல்லாரும் பார்க்கிற இடத்தில் வைத்தாள். கனவுகூட வந்தது. கெண்டி அவள் வயிற்றுக்குள் இருக்கிறது, பிள்ளைக்குப் பதிலாக, மூக்கு விலாவில் இடிக்கிறது, மாமியார் தடவிப் பார்த்து இங்கேதான் இருக்கு என்கிறாள். விழித்துக்கொண்டு வெகுநேரம் யோசிப்பாள், ஒருவேளை நான்தான் எடுத்தேனோ. அசந்த நேரத்தில் கூடையில் போட்டு, பஸ்ஸில் விட்டுவிட்டு, மறந்துவிட்டேனோ. தன்னைத் தானே சந்தேகப்பட்டுத் தலைமாட்டு விளக்கைப் போட்டால், பக்கத்தில் அவர் சீராக மூச்சு விட்டுத் தூங்கிக்கொண்டிருப்பார். விளக்கை அணைத்துவிடுவாள், அவர் தூக்கம் கெடக்கூடாது.

"டீ ஆறுது அண்ணி" என்றாள் சாந்தா. மங்கை கப்பை எடுத்து ஒரு வாய் குடித்தாள். நன்றாக இருந்தது, அதுதான் பொறுக்கவில்லை. "என்னங்க" என்றாள். அம்பலவாணன் பஜ்ஜியைச் சட்னியில் தோய்த்துக்கொண்டிருந்தார். "குளித்தலையில அத்தை இதைத் தேடினப்ப, இது சாந்தாகிட்ட இருக்குன்னு உங்களுக்குத் தெரியும்."

"குளித்தலையிலயா? எப்ப?"

அவள் அவர் முகத்தைப் பார்த்தாள். அந்த முகம் பொய் சொல்லும்போது இடது கண் லேசாகச் சுருங்கும், அவளுக்குத் தெரியும். சுருங்கவில்லை. தீபாவளி ரயில் ஞாபகம் இருக்கிறது, டிடிஆர் ஞாபகம் இருக்கிறது, தங்கை அழுதது ஞாபகம் இருக்கிறது. குளித்தலை ஞாபகம் இல்லை. நிஜமாகவே இல்லை. மறைத்து வைத்திருந்தால்கூட இத்தனை வருஷம் அவருக்கும் உள்ளே ஒரு முள் இருந்திருக்கும், இரண்டு பேரும் ஒரே முள்ளோடு வாழ்ந்தோம் என்றாவது ஆகியிருக்கும். அவர் அதைக் குளித்தலையிலேயே உதறிவிட்டு வந்திருக்கிறார். அவள் கப்பைக் கீழே வைத்தாள். சொல்ல ஆரம்பித்தாள். குரல் நடுங்கவில்லை, அது அவளுக்கே அதிசயமாக இருந்தது. டிரங்குப் பெட்டியைச் சொன்னாள், பீரோவைச் சொன்னாள், அண்டாவைச் சொன்னாள், அப்பா பரண் ஏறினதைச் சொன்னாள், எந்தெந்த வீட்டுப் பெண்கள் நின்றார்கள் என்று சொன்னாள். சாந்தாவின் கை வாய்க்குப் போனது. "அய்யோ அண்ணி, சத்தியமா எனக்குத் தெரியாது. அம்மாகிட்ட அப்புறம் பக்குவமா சொல்லிக்கிறேன்னுதானே அண்ணே சொன்னே? சொல்லலியா நீ?"

அம்பலவாணன் விரலைத் துடைத்துக்கொண்டார். "அப்ப சொன்னா அம்மா சாந்தாவை உண்டு இல்லைன்னு ஆக்கியிருப்பாங்க. மறுபடி வீட்டுக்குள்ள விட்டிருக்க மாட்டாங்க. அதான் சமயம் பார்த்துச் சொல்லலாம்னு... அப்புறம் அப்படியே போயிடுச்சு. உன்னை யாரும் ஒண்ணும் சொல்லிடலியே. வீட்டை விட்டா அனுப்பிட்டாங்க?"

"எங்கப்பா?"

"அவர் கொஞ்சம் ரோஷக்காரர். நானா பானையைக் கவுக்கச் சொன்னேன்? ஒரு டீ குடிக்கிற சாமானுக்கு..." என்று ஆரம்பித்தவர், தங்கையின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். "சரி. தப்புதான். இப்ப என்னைய என்ன செய்யச் சொல்றே?"

என்ன செய்யச் சொல்வது. இந்தக் கேள்விக்கு அவளிடம் பதில் இருக்கும் என்று அவளே நினைக்கவில்லை. தங்கைக்குப் பிரியமான அண்ணன், தாயாருக்குத் தெரியாமல் ரயில் ஜன்னலில் கொண்டுவந்து கொடுக்கிற அண்ணன், அப்படி ஒருத்தன் அவளுக்கும் இருந்தான், இருக்கிறான், கரூரில், மூட்டுவலியோடு. கைப்பையைத் திறந்து செல்போனை எடுத்தாள். நல்லது கெட்டதுக்கு மட்டும் கூப்பிடுகிற நம்பர். அழுத்திவிட்டு, மணி போகும்போதே எழுந்துபோய் அதை அவர் கையில் வைத்தாள். "எங்கண்ணனுக்குத்தான் போவுது. கெண்டி எங்க இருந்துச்சுன்னு நீங்களே சொல்லிடுங்க. வேற ஒண்ணும் வேண்டாம். ஒரு வாக்கியம்." அவர் போனை உள்ளங்கையில் ஏதோ சூடான பொருள் மாதிரி வைத்திருந்தார். பிறகு காதுக்குக் கொண்டுபோனார். சொல்லிவிடுவார், என்று மங்கைக்குத் தோன்றியது. அவ்வளவு நடந்த பிறகும் தோன்றியது, அதுதான் பிற்பாடு நினைக்க நினைக்க அவளுக்கு ஆச்சரியம், மனசு எதிலிருந்துதான் பாடம் கற்றுக்கொள்கிறது. சொல்லிவிட்டால் போதும், எல்லாவற்றையும் விட்டுவிடலாம், வீட்டுக்குப் போய் ராத்திரிக்கு உப்புமா கிண்டலாம். மணி நின்றது. "ஹலோ" என்று அந்தப் பக்கம் ஒரு கரகரத்த குரல், சாந்தாவுக்குக்கூடக் கேட்டது. "ஹலோ, மங்கையா?" அம்பலவாணன் போனைக் காதோடு அழுத்திக்கொண்டார். அவர் மனைவியைப் பார்க்கவில்லை. சுவரைப் பார்த்தார்.

"ராங் நம்பர்ங்க" என்று சொல்லி, போனை அணைத்து டீப்பாய்மேல் வைத்தார்.

கீழே தெருவில் ஒரு ஆட்டோ ஹாரன் அடித்துக்கொண்டு போனது. அம்பலவாணன் தட்டை மெதுவாக நகர்த்தினார், "ஒரேயடியா இப்படிப் போனைப் போட்டுக் கொடுத்தா என்னன்னு பேசறது, நேர்ல ஒரு நாள் போய்..." என்று யாருக்கென்று இல்லாமல் சொன்னார். சாந்தா அண்ணனையே பார்த்துக்கொண்டிருந்தாள், அவரை முன்பின் பார்த்திராதவள் மாதிரி. மங்கை நின்றுகொண்டே இருந்தாள். அழுகை வரும் என்று காத்திருந்தாள், வரவில்லை. வந்தது வேறு ஒன்று, நெடுநாள் தூக்கிக்கொண்டிருந்த கூடையை யாரோ தலையிலிருந்து இறக்கினபோது கழுத்து தானாக நிமிருமே, அப்படி ஒன்று. இனி இந்த மனிதருக்காக எந்த வார்த்தையையும் பத்திரப்படுத்தி வைக்கவேண்டியதில்லை. அப்போது டீப்பாய்க் கண்ணாடிமேல் போன் அதிர்ந்தது. கப்புகள் லேசாகக் கிணுகிணுத்தன. திரையில் அண்ணன் பெயர். அம்பலவாணன் கையை நீட்டப் போனவர், சாந்தா "அண்ணே" என்று ஒரு அதட்டல் போட்டதில் பின்வாங்கினார். மங்கை குனிந்து எடுத்தாள்.

"மங்கை? உன் நம்பர்லேருந்து யாரோ ராங் நம்பர்னு சொல்லிட்டு வச்சுட்டாங்க. உடம்புக்கு ஒண்ணுமில்லையே உனக்கு? யாரும்மா அது பேசினது?"

"எனக்கு ஒண்ணுமில்லண்ணே. அவர்தான் பேசினாரு" என்றாள் மங்கையர்க்கரசி. "நம்பர் சரிதான். நீ முதல்ல எங்கயாவது உட்காரு. சொல்றேன்."